முதல் அறுபது அடி

முதல் தடவை இங்கிலிஷ்டவுன் டிராக் ஸ்டிரிப்புக்கு, அதாவது நேர் பாதையில் கால் மைல் ஓட்டி நேரம் பார்க்கிற இடத்துக்கு, போனபோது என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கார் சரியாகத்தான் இருந்தது. நான்தான் அரைக்கால் டவுசரும் ரப்பர் செருப்புமாகப் போய் நின்றேன். 2010 ஜூலை, நியூ ஜெர்சியில் 91 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், இதற்கு வேறென்ன போட்டுக்கொண்டு போவார்கள் என்று நினைத்துவிட்டேன். முழுக்கால் பேன்ட், கை வைத்த சட்டை, மூடிய ஷூ இல்லாமல் யாரையும் ஓட விடமாட்டார்கள் என்பது சோதனை வரிசையில் அரை மணி நேரம் நின்ற பிறகுதான் தெரிந்தது. எடிசனில் இருந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு, மறுபடி போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. அன்றைக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஓட்டம். 16.02 வினாடி.

கார் 2000ஆம் வருடத்து, ஹோண்டாவின் அக்யூரா இன்டெக்ரா ஜிஎஸ்ஆர் கூப்பே. கறுப்பு நிறம், 118,000 மைல் ஓடியது, என்னிடம் வருவதற்கு முன் இரண்டு கை மாறியது. 1.8 லிட்டர் இன்ஜின், 7600 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 7600 சுற்றில், 170 குதிரைத்திறன், ஐந்து கியர், முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி. இன்றைக்கு 170 என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், ஆனால் 8000 வரைக்கும் கத்திக்கொண்டே ஏறுகிற அந்த இன்ஜினை ஒரு தடவை ஓட்டியவர்கள் வேறு மாதிரிப் பேசுவார்கள். அப்பா எழுபதுகளில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்க்க பஸ் பிடித்துப் போனவர். போனில் விஷயத்தைச் சொன்னபோது, "கால் மைல்தானா? அதுக்காடா இவ்வளவு பெட்ரோல் செலவு?" என்றார். கால் மைல்தான். 1320 அடி, நம் கணக்கில் 402 மீட்டர்.

ஓடி முடித்துத் திரும்பி வரும் வழியில் சின்னக் கூண்டு ஒன்றில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். பச்சை விளக்குக்கு நீங்கள் எவ்வளவு தாமதமாகக் கிளம்பினீர்கள், 60 அடியை எப்போது தாண்டினீர்கள், 330, 660, 1000, கடைசியாக 1320, எல்லாம் அதில் இருக்கும், முடிவுக் கோட்டில் என்ன வேகம் என்பதும் இருக்கும். நான் பார்த்தது 16.02 என்பதை மட்டும்தான். பக்கத்து லேனில் ஓடியது ஒரு மினிவேன், அது எனக்கு முன்னால் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அவமானத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இன்ஜினுக்குக் காற்று போகிற ஏர் இன்டேக், புகை வெளியேறுகிற 4-2-1 ஹெடர், இரண்டரை அங்குல எக்ஸாஸ்ட் குழாய், பின்னால் பெரிய சைலன்சர், அப்புறம் காரைத் தரையோடு உட்கார வைக்கிற லோயரிங் ஸ்பிரிங். மொத்தம் 1,900 டாலருக்குப் பக்கம். ஆகஸ்ட் கடைசியில் திரும்பப் போனேன். 15.61. முடிவுக் கோட்டு வேகம் மணிக்கு 88.1 மைலிலிருந்து 91.4க்கு ஏறியிருந்தது. எனக்கு அது பெருமையாக இல்லை, 1,900 டாலருக்கு அரை வினாடிகூட இல்லையே என்று வயிறு எரிந்தது.

கார்களை நிறுத்தித் தயார் செய்கிற பிட்டில் பக்கத்தில் சிவப்பு சிவிக் ஒன்றை நிறுத்தியிருந்த பெரியவர், போர்ட்டோ ரீக்கோக்காரர், இருபது வருடமாக ஹோண்டா ஓட்டுகிறவர், சீட்டைக் காட்டு என்று கை நீட்டினார். கடைசி வரியைப் பார்க்கவே இல்லை. "அறுபது அடி எவ்வளவு?" என்றுதான் கேட்டார். 2.51. முதல் நாள் சீட்டும் பாக்கெட்டில் இருந்தது, அதில் 2.48. அவர் சிரிக்காமல் சொன்னார்: இன்ஜினுக்குக் காசு கொடுத்தாய், இன்ஜின் தன் வேலையைச் செய்திருக்கிறது, 91 மைல் என்று சீட்டிலேயே போட்டிருக்கிறது. கிளம்புகிற இடத்தில்தான் நீ முன்னைவிட மோசம்.

எனக்கு உண்மையிலேயே புரிந்த முதல் பாடம் அதுதான். முடிவுக் கோட்டு வேகம் இன்ஜினைப் பற்றிச் சொல்லும். நேரம் கிளம்புவதைப் பற்றிச் சொல்லும். வேகம் ஏறியும் நேரம் குறையவில்லை என்றால் முதல் அறுபது அடியில் ஓட்டை. அங்கே பத்தில் ஒரு பங்கு வினாடி மிச்சம் பிடித்தால் கடைசியில் ஒன்றரை, சில சமயம் இரண்டு பங்காகத் திரும்பி வரும், ஏனென்றால் அதற்கப்புறம் உள்ள ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் அதிக வேகத்தோடுதான் கடக்கிறோம்.

முன்சக்கர வண்டிக்கு இதில் பிறவிக் குறை ஒன்று உண்டு. கார் முன்னால் பாயும்போது எடை பின்னால் சாயும். பின்சக்கர வண்டிக்காரனுக்கு அது வரம், இழுக்கிற சக்கரத்தின் மேல் எடை ஏறும். நமக்கு இழுக்கிற சக்கரத்திலிருந்து எடை இறங்கும். என் காரோடு என்னையும் சேர்த்து 2,800 பவுண்டு, அதில் சுமார் 61 சதவீதம் முன்னால், அதாவது 1,700 பவுண்டு. இரண்டு அச்சுகளுக்கும் இடையில் 101 அங்குலம். காரின் எடை மையம் தரையிலிருந்து 20 அங்குல உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், புவியீர்ப்பில் பாதி அளவு முடுக்கத்தில் கிளம்பும்போதே 275 பவுண்டு முன்னாலிருந்து பின்னால் போய்விடும். இன்னும் வேகமாகக் கிளம்பப் பார்த்தால் இன்னும் போகும். ஆகவே முன்சக்கரக்காரன் எவ்வளவு குதிரைத்திறன் சேர்த்தாலும் முதல் கியரில் அது டயர் புகையாகத்தான் போகும்.

நான் போட்டிருந்த லோயரிங் ஸ்பிரிங் பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான். மலிவான ஜோடி, பின்னால் மெத்தென்று இருந்தது, கிளம்பும்போது பின்பக்கம் உட்கார்ந்து மூக்கு தூக்கிக்கொள்ளும். பிறகு பின்னால் மட்டும் கடினமான ஸ்பிரிங்கும் அழுத்தம் மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பரும் போட்டு, ஷாக்கை முழுக் கடினத்தில் வைத்து, பின்பக்கத்தை ஒரு அங்குலம் தூக்கினேன். எடை பின்னால் போவதை எந்த ஸ்பிரிங்கும் நிறுத்தாது, அதை நம்பி யாரும் காசைக் கொட்ட வேண்டாம். மூக்கு தூக்குவது குறையும், ஸ்டியரிங் நேராக நிற்கும், முன்டயர் தரையைக் கொஞ்சம் சீராகப் பிடிக்கும். அந்த அளவுக்கு அது உதவியது.

செலவே இல்லாமல் கிடைத்தவை வேறு. அடுத்த மூன்று வாரம் காரில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் கிளம்புவதை மட்டும் பழகினேன். முன்டயர் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 26க்கு இறக்கினேன், பின்டயரில் 45 வைத்தேன், உருளும் தடை குறையட்டும் என்று. 22க்குக் கீழே இறக்கியும் பார்த்தேன், சாதாரண ரோடு டயரில் அது வேலைக்கு ஆகாது, பக்கச்சுவர் மடிந்து கியர் மாற்றும்போது கார் நெளிந்தது. கிளம்பும் கோட்டுக்கு முன்னால் தண்ணீர் தேங்கிய ஒரு இடம் இருக்கும், டயரை நனைத்துச் சுழற்றிச் சூடாக்குவதற்காக. ரோடு டயரோடு வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். டயரின் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், அதோடு கோட்டில் போய் நின்றால் சோப்பு போட்ட தரையில் ஓடுகிற மாதிரிதான். வறண்ட இடத்தில் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வினாடி சுழற்றித் தூசியைத் தட்டினால் போதும். ஏசியையும் முன்கூட்டியே அணைத்துவிட வேண்டும். இன்ஜினின் சக்தி மிச்சமாவது ஒரு பக்கம், கோட்டில் தண்ணீர் சொட்டினால் அங்கே நிற்கிற ஊழியர் விடுகிற டோஸ் இன்னொரு பக்கம்.

அப்புறம் கிளட்ச். நான் 5000 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு கிளட்சைப் படக்கென்று விட்டுக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும், புகை வரும், கீச்சென்று சத்தம் வரும், கார் மட்டும் அங்கேயே இருக்கும். 2800க்கு இறக்கி, கிளட்சைப் பாதி வழியில் நழுவ விட்டு, டயர் லேசாக முனகுகிற அளவுக்கு ஆக்சிலரேட்டரைக் கொடுத்து, கார் ஓடத் தொடங்கியதும் முழுக்க மிதிப்பது. எழுதுவதற்கு ஒரு வரி. கைக்கு வர நாற்பது ஓட்டமாவது ஆனது, காதால்தான் பழக வேண்டியிருந்தது. முனகல் சரி, அலறல் தப்பு.

இதோடு இன்னொரு தப்பையும் விட்டேன். விளக்கைப் பார்த்துப் பதறுவது. மூன்று மஞ்சள் விளக்குகள் அரை அரை வினாடி இடைவெளியில் எரியும், அப்புறம் பச்சை. பச்சைக்கு அப்புறம் நீங்கள் இரண்டு வினாடி சும்மா நின்றாலும் உங்கள் கால் மைல் நேரம் மாறாது, ஏனென்றால் முன்சக்கரம் கிளம்பும் கோட்டில் உள்ள ஒளிக்கதிரைவிட்டு நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பந்தயத்தில் எதிராளியை ஜெயிக்க வேண்டுமானால் அது முக்கியம். பழகிப் பார்க்கிற இரவுகளில் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். இது தெரிந்த பிறகு பச்சையைப் பார்த்து, மூச்சு விட்டு, எனக்கு வசதியானபோது கிளம்பினேன், பக்கத்து லேன்காரர் பாதி தூரம் போயிருப்பார். கோட்டில் நிற்கும்போதும், சரியான இடத்துக்கு வந்துவிட்டதைக் காட்டுகிற இரண்டாவது ஸ்டேஜ் விளக்கு எரிந்த நொடியில் நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு அங்குலமும் நகரக்கூடாது. அப்படி நின்றால் கடிகாரம் தொடங்குவதற்கு முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் ஓட இடம் கிடைக்கும், காசு இல்லாமல் கிடைக்கிற சலுகை.

செப்டம்பர் முடிவில் 60 அடி 2.27. நேரம் 15.22. வேகம் அதே 91.5 மைல்தான். 1,900 டாலர் தந்ததற்குக் கிட்டத்தட்டச் சமமானதைக் காற்றடிக்கிற குழாயும் என் இடது காலும் தந்துவிட்டன.

குளிர்காலத்தில் ஸ்டிரிப் மூடியிருந்த மாதங்களில் எடையில் இறங்கினேன். நூறு பவுண்டு குறைத்தால் பத்தில் ஒரு பங்கு வினாடி என்பது பழைய கணக்கு, அது ஏறக்குறைய சரிதான். முன்னால் வைத்திருந்தவர் டிக்கியில் ஒரு சப்வூஃபர் பெட்டியைப் பொருத்தியிருந்தார், அதைக் கழற்றித் தூக்கியபோதுதான் இவ்வளவு நாள் ஒரு சின்னப் பையனைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன் என்று தெரிந்தது. ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட், மிதியடிகள். பெட்ரோல் ஒரு கேலன் ஆறு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், டேங்க் 13 கேலன் பிடிக்கும், எனவே போகும்போது கால் டேங்க்தான். முன்சக்கர வண்டியில் பின்னாலிருந்து குறைக்கிற எடை நிம்மதியாகக் குறைக்கலாம், பிடிப்புக்கு அது தேவையில்லை. முன்னால் இருப்பதைத் தொடாதீர்கள், பேட்டரியைப் பின்னால் மாற்றுவது பின்சக்கரக்காரர்களின் தந்திரம், அதைப் பார்த்து நாமும் செய்தால் நம் தலையில் நாமே மண் போடுவதுதான்.

பிரேக்கில் மட்டும் எடையும் காசும் பார்க்கவில்லை. 2008 ஜூன் 21 அன்று இதே ஸ்டிரிப்பில் தகுதிச் சுற்றின்போது ஃபன்னி கார் என்கிற அதிவேகப் பந்தயக் கார் ஓட்டிய ஸ்காட் கலிட்டா இறந்துபோனார். அதற்கப்புறம்தான் நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் அந்த மாதிரிக் கார்களுக்குத் தூரத்தைக் கால் மைலிலிருந்து 1000 அடியாகக் குறைத்தார்கள். அவை 300 மைல் வேகத்தில் போகிறவை, என் காருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் முடிவுக் கோட்டைத் தாண்டி அந்த நீண்ட பாதையில் வேகம் குறைக்கும்போது ஒவ்வொரு தடவையும் அது ஞாபகம் வரும்.

கியர் மாற்றுவதில் எனக்குத் தெரியாமலே நேரம் போய்க்கொண்டிருந்தது, இதைக் கண்டுபிடித்தது மதுரைக்கார நண்பன், காரே ஓட்டத் தெரியாதவன், ஒரு எக்செல் தாளில். இந்த இன்ஜினில் விடெக், அதாவது வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்க வைக்கிற ஏற்பாடு, 4400 ஆர்பிஎம்மில் மாறும், அதற்கு மேல்தான் உயிரே. இன்டேக்கின் இரண்டாவது வழி 5750இல் திறக்கும். நான் இன்ஜின் மேல் இரக்கப்பட்டு 7000இல் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். முதல் கியரின் விகிதம் 3.230, இரண்டாவது 1.900. 7000இல் மாற்றினால் இரண்டாவது கியரில் ஊசி 4100 பக்கம் விழும், விடெக்குக்குக் கீழே, இன்ஜின் தூங்கி எழுந்து வர வேண்டும். 8000இல் மாற்றினால் 4700, முழிப்போடு இருக்கும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 8000இல் மாற்றினால் 5700, கிட்டத்தட்ட அந்த இரண்டாவது வழி திறக்கிற இடத்திலேயே போய் உட்காரும். ஹோண்டா பொறியாளர்கள் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள், நான்தான் அவர்களைவிட அறிவாளியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். "மச்சி, சிவப்புக் கோடு எதுக்குப் போட்டிருக்கான்? அதுவரைக்கும் போறதுக்குத்தானே?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

அதே தாளில் இன்னொன்றும் கிடைத்தது. 195/55ஆர்15 டயரில் மூன்றாவது கியர் 8000இல் 93 மைல் வேகத்தோடு முடிந்துவிடும். 2011 நவம்பரில் ஒரு குளிர் இரவு, 41 டிகிரி ஃபாரன்ஹீட், காற்று அடர்த்தியாக, இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஏறிய இரவு, முடிவுக் கோட்டுக்கு ஐம்பது அடி முன்னால் ஊசி சிவப்பில் முட்டிக்கொண்டது, கடைசி நொடியில் நான்காவது கியருக்குத் தட்ட வேண்டியதாயிற்று. 60 அடி 2.21, நேரம் 14.71, வேகம் 93.6. மகிழ்ச்சிதான், ஆனால் அந்தக் கியர் மாற்றத்தில் கொஞ்சம் கொட்டிவிட்டேன் என்பது தெரியும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலிஷ்டவுன் கடல் மட்டத்தை ஒட்டிய இடம். ஜூலை மாத ஈரப்பதத்தில் 15 வினாடி ஓடுகிற கார் நவம்பரில் ஒன்றுமே செய்யாமல் பத்தில் மூன்று பங்கு வினாடி குறைவாக ஓடும். இது தெரியாமல் கோடையில் ஒரு பாகத்தை வாங்கி இலையுதிர் காலத்தில் சோதித்துவிட்டு அந்தப் பாகத்தைப் புகழ்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். அதனால்தான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், டயர் காற்று, கிளம்பிய ஆர்பிஎம், 60 அடி என்று எழுத ஆரம்பித்தேன். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று பெருமாளுக்குத்தான் தெரியும். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே போனட்டைத் திறந்து வைத்து இன்டேக் மேனிஃபோல்டின் மேல் ஐஸ் பையை வைக்கிற வழக்கமும் அப்போது வந்தது. கிண்டல் செய்தவர்கள் அடுத்த வாரம் தாங்களும் ஐஸ் பெட்டியோடு வந்தார்கள்.

ரோடு டயரில் இதற்கு மேல் போக முடியாது என்று தோன்றியபோது 2012இல் ஸ்லிக் டயர் வாங்கினேன், பள்ளமே இல்லாத வழவழப்பான பந்தய டயர். 24.5 அங்குல விட்டம், 8 அங்குல அகலம், 15 அங்குல ரிம். சாலையில் ஓட்டக் கூடாது, எனவே எடிசனிலிருந்து டிக்கியில் வைத்துக் கொண்டு போய், பிட்டில் ஜாக்கி வைத்து மாட்டி, திரும்பும்போது கழற்ற வேண்டும். விட்டம் கூடியதில் மூன்றாவது கியர் இப்போது 97 மைலுக்கு மேல் போனது, நான்காவதுக்குத் தட்டுகிற தொல்லை ஒழிந்தது. இந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதிக் காரணம் அந்த எக்செல் தாள்தான்.

ஸ்லிக் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முதல் ஓட்டத்திலேயே முன்பக்கம் தடதடவென்று குதித்தது, யாரோ போனட்டுக்குள் உட்கார்ந்து சுத்தியலால் அடிக்கிற மாதிரி. டயர் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். அப்போது கால் எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒன்று உடையும். கீழே புகுந்து பார்த்தால் பின்பக்க இன்ஜின் மவுன்ட்டின் ரப்பர் கிழிந்து தொங்குகிறது. பன்னிரண்டு வருட ரப்பர், இன்ஜின் தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. பாலியூரித்தேன் மவுன்ட்டுகள் போட்டேன், குதிப்பது முக்கால்வாசி நின்றது. பதிலுக்கு சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டு முழுக்க அதிரும். என் மனைவி வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்து கோயிலுக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து தன் காரையே எடுத்தாள்.

ஸ்லிக்கில் காற்று 16 பிஎஸ்ஐ. இப்போது தண்ணீரில் நனைத்துச் சுழற்றுவதும் தேவை, ஆனால் முன்சக்கரம் மட்டும் ஓரத்தில் நனைந்தால் போதும், பின்சக்கரம் தண்ணீரை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்தால் அடுத்து வருகிறவனுக்குப் பாவம். கிளம்பும் ஆர்பிஎம்மை 5500க்கு ஏற்றலாம், ரோடு டயரில் பழகியதையெல்லாம் மறக்க வேண்டும், ஸ்லிக்கில் கிளட்சைத் தயங்கித் தயங்கி விட்டால் இன்ஜின்தான் மூச்சு முட்டும். 60 அடி 2.03, நேரம் 14.38.

அடுத்த வாரமே ஆக்சில் உடைந்தது. கோட்டில் நிற்கும்போது ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் திரும்பியிருந்தது, நான் கவனிக்கவில்லை. திரும்பிய சக்கரத்தோடு ஸ்லிக்கில் கிளம்பினால் அத்தனை முறுக்கமும் வெளிப்பக்க மூட்டில்தான் போய் விழும். டப் என்று ஒரு சத்தம், கார் அங்கேயே நின்றது, பின்னால் வரிசையில் முப்பது கார். தள்ளிக்கொண்டு போனேன், தள்ள உதவியவர் அந்த சிவப்பு சிவிக்காரர்தான். கழற்றிய ஆக்சிலைப் பார்த்துவிட்டு, கோட்டுக்குப் போகும்போது ஒரு அடி நேராக உருட்டிவிட்டு நில், ஸ்டியரிங்கின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டு என்றார். இரண்டு டாலர் டேப். அதோடு டிக்கியில் ஒரு உதிரி ஆக்சிலும்.

டிஃபரன்ஷியலைப் பற்றி முன்பே யோசித்திருக்க வேண்டும். இன்ஜினின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். ஜிஎஸ்ஆரில் சாதாரண டிஃபரன்ஷியல்தான், ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் மொத்த சக்தியும் அந்தப் பக்கமே ஓடிவிடும். கோட்டில் என் கார் விட்ட கறுப்பு அடையாளத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், எப்போதும் ஒற்றைக் கோடு. இதே காரின் டைப் ஆர் மாடலில், ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொன்றுக்கும் சக்தி போகிற ஹெலிக்கல் லிமிடெட் ஸ்லிப் கொடுத்திருந்தார்கள், அந்த வகையில் ஒன்றை 2013இல் கியர்பாக்ஸைத் திறந்து போட்டேன், கிளட்சையும் அப்போதே மாற்றினேன், கூலி ஒரே கூலி. அதன் பிறகு இரண்டு கோடு. 60 அடி 1.95. இன்றைக்கு ஆரம்பிப்பதாக இருந்தால் டயருக்கு அடுத்தபடியாக இதைத்தான் செய்வேன், ஹெடரும் சைலன்சரும் காத்திருக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் இன்ஜினுக்குத் திரும்பினேன். டைப் ஆர் கேம் ஷாஃப்ட், அதற்கேற்ற வால்வு ஸ்பிரிங், ஹோண்டாட்டா எஸ்300 என்ற பலகை போட்டு மாற்றியமைக்கக்கூடியதாக்கிய ஒரு பழைய ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கணினி. முதலில் போன ஒரு கடையில் ட்யூனிங் என்ற பெயரில் மடிக்கணினியைத் திறந்து மூடிக் காசு வாங்கினார்கள், காற்று-பெட்ரோல் கலவை எங்கும் சரியாக இல்லை. இரண்டாவது ஆள், இன்ஜினின் சக்தியை அளக்கிற டைனோவில் ஒரு முழு நாள் உட்கார்ந்து செய்தார், விடெக் மாறும் இடத்தையும் மாற்றினார். சக்கரத்தில் 149 குதிரைத்திறன் இருந்தது 168 ஆனது. ட்யூனுக்குப் போகிறவர்கள் முன்னும் பின்னுமாக இரண்டு வரைபடத்தையும் அச்செடுத்துக் கேளுங்கள், தரத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

2014 அக்டோபர் கடைசியில் ஒரு மாலை. 48 டிகிரி. ஸ்டிரிப்பின் தராசில் கார் 2,510 பவுண்டு, நான் 165. 60 அடி 1.94, மூன்றாவது கியரிலேயே கோட்டைத் தாண்டினேன், 97.2 மைல். சீட்டை வாங்கினால் 13.97. கூண்டிலிருந்து எட்டிப் பார்த்த பெண்மணி வாழ்த்து சொல்வார் என்று பார்த்தால், "ஹெல்மெட் எங்கே?" என்றார். 13.99 அல்லது அதற்குக் கீழே ஓடுகிறவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம், அது விதி, எனக்கும் தெரியும், ஆனால் நாலு வருடமாக 14க்கு மேலேயே ஓடியவனுக்கு அது தனக்கானது என்று தோன்றவே இல்லை. அன்றைக்கு அதோடு ஓட்டம் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தரச் சான்றுள்ள ஹெல்மெட் ஒன்று வாங்கினேன். அடுத்த வாரம் அதை மாட்டிக்கொண்டு ஐந்து தடவை ஓடினேன். 14.03, 14.06, 14.02, 14.11, 14.04.

1965இலிருந்து ஓடிய அந்த ஸ்டிரிப்பில் 2018 ஜனவரியோடு டிராக் பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். அறிவிப்பு வந்தது நடுக் குளிர்காலத்தில், கடைசியாக ஒரு தடவை ஓடிக்கொள்ளக்கூட வழியில்லை. அப்புறம் தெற்கே அட்கோ என்ற இன்னொரு ஸ்டிரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன், ஒன்றேகால் மணி நேரம், அங்கே ஒரு மார்ச் மாதத்தில் ஓடிய 13.84தான் இந்தக் காரின் சிறந்த நேரம், 60 அடி 1.91. அதுவும் 2023இல் மூடிவிட்டது. கார் இப்போது கராஜில் இருக்கிறது, ஸ்லிக் இரண்டும் சுவரில் மாட்டியிருக்கின்றன, ரப்பர் காய்ந்துபோய்விட்டது. மேற்கே ஐலண்ட் டிராக்வே இன்னும் ஓடுகிறது, புது ஸ்லிக்குக்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன். அப்பா போன வாரம்கூடக் கேட்டார், "இப்ப எவ்வளவுல ஓடுது?" 13.84 என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போன தடவையும் அதைத்தானடா சொன்ன" என்றார்.